மழை, பேட்டரி வண்டி, ஒரு ப்ளக் பாயின்ட்

"அண்ணே, கிராமத்து வேலைக்குப் பேட்டரி வண்டி தாங்குமா? மழையில நின்னுடாதா?"

கல்லூரியில் படிக்கும் தோழர்கள் சிலர் இந்தக் கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பெட்ரோலுக்குக் காசு புரட்ட முடியாமல் உண்மை அறியும் குழுவோடு வராமல் போனவர்கள் அவர்களில் உண்டு. அதனால் இதைச் சின்னக் கேள்வி என்று ஒதுக்க முடியாது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு பேட்டரி வண்டியில் இரண்டு வருடமாகப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். வெயில், மழை, ஆடிக்காற்று, மார்கழிப் பனி எல்லாவற்றிலும் ஓட்டியாகிவிட்டது. வண்டி மழையைத் தாங்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதோடு நிறுத்தியிருந்தால் இரண்டு வரியில் பதில் முடிந்திருக்கும்.

எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்தது பெரம்பலூர். அதிலிருந்து அரியலூர் தனி மாவட்டமாகி, திரும்பச் சேர்ந்து, கடைசியாக 2007 நவம்பர் 23 அன்று மறுபடி பிரிந்தது. பெரம்பலூர்ப் பக்கம் கரிசல்: பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். அரியலூர்ப் பக்கம் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்த பூமி. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லைத் தோண்டித்தான் இத்தனை சிமென்ட் ஆலைகள் ஓடுகின்றன. தார்ச்சாலை முழுக்க டிப்பர் லாரி. லாரியிலிருந்து சிந்தும் தூள் வெயில் காலத்தில் கண்ணில் விழும். முதல் மழையில் அதுவே குழம்பாகி, சாலையில் எண்ணெய் ஊற்றியதுபோல் வழுக்கும். கரிசல் மண் பாதையிலோ சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே மண் அப்பிக்கொண்டு வண்டி நகராது. குச்சியால் சுரண்டிச் சுரண்டித்தான் போக வேண்டும்.

வண்டியைப் பற்றிக் கேட்டவர்களுக்கு நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். பேட்டரியின் மேல் ஐபி67 என்று போட்டிருந்தால், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது என்று சோதித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். புது வண்டியில், அசையாத தண்ணீரில் செய்த சோதனை அது. மூன்று வருடம் வெயிலில் காய்ந்த ரப்பர் சீலுக்கும், கல்லும் மண்ணும் அடித்துக்கொண்டு வரும் ஓடைத் தண்ணீருக்கும் அந்த எண் எந்த உத்தரவாதமும் தராது. வாட்டர் சர்வீஸ் கடையில் பிரஷர் பம்ப்பால் அடிக்கவே விடாதீர்கள். மழையில் ஆக்சிலேட்டரை மெல்லத் திருகுங்கள். பெட்ரோல் வண்டிபோல் யோசித்துக் கிளம்பாது இது. தொட்டதும் முழு வேகத்தில் இழுக்கும், ஈர மண்ணில் பின் சக்கரம் சறுக்கும். தண்ணீரைத் தாண்டியதும் பிரேக்கை லேசாகப் பிடித்துப் பிடித்து ஓட்டி உலர்த்த வேண்டும். எதிர்காற்றில் வேகத்தைக் குறையுங்கள். மணிக்கு 50இல் போகும்போது காற்று தடுக்கும் விசையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம்தான் 30இல் போகும்போது தடுக்கும். பேட்டரி அவ்வளவும் மிச்சமாகும். மார்கழிப் பனியில் ஹார்ன் அடித்துக்கொண்டே போங்கள். வண்டிக்குச் சத்தம் கிடையாது என்பதால், விடியலில் வயலுக்கு நடக்கிறவர்களுக்கு நீங்கள் வருவது கேட்காது.

சத்தம் என்று எழுதும்போது அப்பா ஞாபகம் வருகிறது.

அப்பா கல்லுடைக்கப் போனவர். ஒரு பழைய சைக்கிள் வைத்திருந்தார். எங்கள் காலனியிலிருந்து மெயின் ரோட்டுக்கு வர ஊர்த்தெரு வழியாகத்தான் வர வேண்டும். தெருமுனையில் இறங்கிவிடுவார். மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி கேரியரில் செருகி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பார். தெரு முடிந்த பிறகுதான் ஏறுவார். ஒருமுறை நல்ல ஐப்பசி மழை. நான் பின்னால் யூரியா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்து வந்தேன். "மழையிலயாவது ஏறிப் போயிடலாமேப்பா, யாரு பாக்கப் போறாங்க?" என்றேன். அவர் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "மழை பேஞ்சாத்தான்டா எல்லாரும் திண்ணையில உக்காந்திருப்பாங்க."

அன்று எனக்குப் பத்து வயது இருக்கும். மழைக்கும் எங்களுக்கும் நடுவே வேறொன்று இருக்கிறது என்று விளங்கிய நாள் அது.

இதெல்லாம் அப்பா காலத்துக் கதை என்று நினைக்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. பொதுச் சாலையில் யாரும் நடக்கலாம், யாரும் தடுக்கக் கூடாது என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்தது 1924இல். நூறு ஆண்டு முடிந்துவிட்டது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், புல்லட் ஓட்டி வந்த தலித் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகளை வெட்டினார்கள். எங்கள் முன்னால் புல்லட் ஓட்டுவாயா என்று கேட்டு வெட்டியதாகத்தான் புகார். நூறு ஆண்டில் சைக்கிள் புல்லட்டாகியிருக்கிறது.

அம்பேத்கருக்கே இது நடந்திருக்கிறது. 1929இல் சாலிஸ்கான் ரயில் நிலையத்தில் இறங்கியவரை ஏற்றிக்கொள்ளக் குதிரை வண்டிக்காரர் யாரும் முன்வரவில்லை. அவர் நடந்து வருவது மரியாதையில்லை என்று நினைத்த நம் மக்கள் வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டிப் பழகாத தங்களில் ஒருவரை ஓட்டச் செய்தார்கள். பாலத்தில் வண்டி கவிழ்ந்து அம்பேத்கரின் கால் முறிந்தது. தோழர்கள் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' படிக்கும்போது இந்தப் பகுதியில் நின்று யோசியுங்கள். வண்டி கிடைத்தது, காசும் இருந்தது. வண்டியைச் சுற்றி இருக்க வேண்டிய மற்றதெல்லாம் சாதியின் கையில் இருந்தது.

சட்டம் படிக்கும் தம்பி தங்கைகளுக்காக ஒன்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் 3(1)(இசட்ஏ) என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதன் (பி) உட்பிரிவு, பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பதைக் குற்றம் என்கிறது. செருப்பு அணிவதையும் புத்தாடை உடுத்துவதையும் சேர்த்துத்தான். நாடாளுமன்றம் உட்கார்ந்து இப்படி ஒரு வரியை எழுத வேண்டியிருந்தது என்பதையும் கவனியுங்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரோடு 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத சின்ன பேட்டரி வண்டிகளுக்கு லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம்; மோட்டார் வாகனச் சட்டம் அவற்றை மோட்டார் வாகனமாகவே எடுத்துக்கொள்வதில்லை. அப்படியானால் அதில் போகும் பெண்ணை ஊர்த்தெருவில் மறித்தால் எந்த உட்பிரிவு? எதிர்த்தரப்பு வக்கீல் இதைக் கேட்காமல் விடமாட்டார். நான் (ஏ) உட்பிரிவையும் சேர்த்து எழுதச் சொல்வேன். எந்தச் சாலையையும் வழியையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பதே அதில் குற்றம். வண்டி என்ன வகை என்ற பேச்சு அங்கே எழாது. புகார் எழுதும்போதே இரண்டையும் சேர்த்துவிடுங்கள்.

வெயில் பக்கம் வருகிறேன். சித்திரை வெயிலில் முப்பது கிலோமீட்டர் ஓட்டி வந்து நிறுத்தினால் பேட்டரி கொதித்துக்கொண்டிருக்கும். உடனே சார்ஜரைச் செருகக் கூடாது. நிழலில் அரை மணி, முக்கால் மணி ஆறவிட வேண்டும். கையேட்டில் இப்படித்தான் போட்டிருக்கிறது. நல்ல காற்றோட்டமுள்ள, கூரை போட்ட இடத்தில் சார்ஜ் போடுங்கள், படுக்கும் அறைக்குள் போடாதீர்கள் என்றும் போட்டிருக்கிறது. எல்லாம் சரி. இதை எழுதியவர் மனதில் இருந்த வீடு எது? முன்னால் போர்ட்டிகோ, பக்கத்தில் கார் ஷெட் உள்ள வீடு. நம் தொகுப்பு வீட்டில் இருப்பது ஒரு அறை, ஒரு சமையல் மூலை. வாசலில் சன்ஷேடு ஒரு சாண் நீட்டியிருக்கும். மழையில் வெளியே வைத்தால் சார்ஜர் நனையும், கழற்றி எடுத்தும் போய்விடுவார்கள். உள்ளே வைத்தால் அது பிள்ளைகள் படுக்கும் இடம். 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் சார்ஜ் போட்டிருந்த பேட்டரி வண்டி தீப்பிடித்து, வீட்டுக்குள் தூங்கிய அப்பாவும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். அதன் பிறகு பேட்டரிப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கினார்கள். வீட்டின் அளவைப் பற்றி எந்த விதியும் வரவில்லை.

அடுத்தது மின்சாரம். குடிசை இணைப்பு உள்ள வீடுகள் நம் தெருக்களில் இன்னும் இருக்கின்றன. ஒரு விளக்குக்கும் டிவிக்கும் கணக்குப் பண்ணிக் கொடுத்த இணைப்பு அது. என் வண்டியின் சார்ஜர் 750 வாட் இழுக்கும். டிரான்ஸ்பார்மர் பெரும்பாலும் ஊரில் இருக்கும். கம்பி நீண்டு நீண்டு கடைசியில் காலனிக்கு வரும்போது வோல்டேஜ் இளைத்துப் போயிருக்கும். மழைக்கு மின்சாரம் போனால் எந்தத் தெருவுக்கு முதலில் திரும்பி வரும் என்பதை நீங்களே உங்கள் ஊரில் பார்த்திருப்பீர்கள்.

இவ்வளவும் எனக்கு முன்பே தெரிந்த விஷயங்கள்தான். அவை எல்லாம் ஒரே நாளில் என் கழுத்தைப் பிடித்தது 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு வந்த அடுத்தடுத்த மழைகளில் ஒன்றில்.

செந்துறை வட்டத்தில் ஒரு கிராமம். செந்துறை என்றதும் உங்களுக்கு அனிதாவின் குழுமூர் ஞாபகம் வரும், அந்தப் பக்கம்தான். வழக்கு நடந்துகொண்டிருப்பதால் ஊர்ப் பெயரை எழுதவில்லை. வன்கொடுமை வழக்கு. அறுபதைத் தொட்ட ஒரு அம்மா நேரில் பார்த்த சாட்சி. முதல் இரண்டு வாய்தாவுக்குப் பஸ்ஸில் போனார். பஸ் நிறுத்தம் ஊர்க் கோயிலுக்கு எதிரில். குற்றம் சாட்டப்பட்டவர்களின் உறவுக்காரர்கள் இரண்டு பேர் அதே பஸ்ஸில் ஏறி, அவருக்குப் பின் சீட்டிலேயே உட்கார்ந்து வந்திருக்கிறார்கள். அடிக்கவில்லை, மிரட்டவில்லை. "என்னா, கோர்ட்டுக்கா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள். தாய் வயதுள்ளவரை ஒரு முறை வைத்துக்கூடக் கூப்பிடாமல், வெறும் "என்னா". மூன்றாவது வாய்தாவுக்கு அந்த அம்மா போகவில்லை. உடம்பு சரியில்லை என்றார். நம் வழக்குகளில் சாட்சிகள் எப்படிப் பிறழ்கிறார்கள் என்று ஆய்வு செய்கிறவர்கள், பின் சீட்டையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சாட்சிக்குப் பயணச் செலவு தர வேண்டும் என்று 1995ஆம் ஆண்டு விதிகளின் 11வது விதி சொல்கிறது. 15ஏ பிரிவும் சொல்கிறது. அவருக்குத் தேவைப்பட்டது காசு இல்லை, அந்த பஸ் நிறுத்தத்தில் நிற்காமல் போக ஒரு வழி. "நான் வந்து கூட்டிட்டுப் போறேம்மா" என்று சொல்லியிருந்தேன்.

விடிகாலை ஐந்தரைக்குப் பெரம்பலூரில் கிளம்பும்போது பேட்டரி நூறு காட்டியது. வறண்ட சாலையில் தனி ஆளாக 40இல் போனால் எனக்கு 80 கிலோமீட்டர் கிடைக்கும். குன்னம் வழியாக அந்த ஊருக்கு 38, அங்கிருந்து அரியலூருக்கு 24. கணக்கு சரியாகத்தான் இருந்தது. கிழக்கே போகப் போக வாடைக்காற்று நேர் எதிரில் வந்து மார்பில் கை வைத்துத் தள்ளியது. மழைத்துளி ஹெல்மெட் கண்ணாடியில் ஆணியடித்தது. குன்னத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு தரைப்பாலம். அதன் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மாடு ஓட்டிக்கொண்டு நின்ற பெரியவர், "முழங்காலுக்கு மேல போவுது, எறங்காத" என்றார்.

தோழர்களே, இதில் மட்டும் வீரம் காட்டாதீர்கள். முழங்கால் அளவு ஓடும் தண்ணீர் ஆளையே தள்ளிவிடும். வண்டியின் அகலமான பக்கம் அதற்கு இன்னும் வசதி. இந்தப் பக்கத்து ஆறுகளைச் சின்ன ஆறு என்று நினைத்துவிடக் கூடாது. வெயில் காலத்தில் மணல் மட்டும் தெரியும் மருதையாற்றில்தான் 1956 நவம்பர் 23 அன்று வெள்ளம் பாலத்தை அரித்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். இன்றும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அதைச் சொல்லாமல் மழைக்காலம் போகாது.

திரும்பிச் சுற்றிப் போனேன். பதினான்கு கிலோமீட்டர் கூடுதல். ஊர் எல்லையில் டிஸ்ப்ளே 24 சதவிகிதம் காட்டியது. மணி ஏழரை. இருவராகப் போனால் அது பதினாறு, மெதுவாகப் போனால் இருபது கிலோமீட்டருக்கு வரும். அரியலூருக்கு நான்கு கிலோமீட்டர் குறைகிறது. அரை மணி நேரம் சார்ஜ் போட்டால் போதும், பத்துக் கிலோமீட்டர் ஏறிவிடும்.

அந்த அம்மா தெருமுனையிலேயே பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தார். பின்னால் ஏற்றிக்கொண்டு மெயின் ரோட்டில் இருக்கும் டீக்கடைக்குப் போனேன். அவர் உள்ளே வரவில்லை, புளியமரத்தடியிலேயே நின்றுகொண்டார். இரண்டு டீ சொன்னேன். இப்போதெல்லாம் எல்லோருக்கும் பேப்பர் கப்தான். இரட்டைக் குவளை ஒழிந்ததில் நம் போராட்டத்துக்கு எவ்வளவு பங்கோ, பேப்பர் கப்புக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு பங்கு உண்டு என்று எனக்கு ஒரு சந்தேகம்.

"அண்ணே, ஒரு அரை மணி நேரம் வண்டிக்கு சார்ஜ் போட்டுக்கட்டுமா? காசு குடுத்துடுறேன்."

"அதுக்கென்ன. எந்த ஊரு தம்பி?"

"பெரம்பலூருங்க."

"பெரம்பலூர்ல எங்க?"

தெருப் பெயரைச் சொன்னேன். டவுன் தெருவின் பெயர் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. "இங்க யாரு வூட்டுக்கு வந்தீங்க?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் இரண்டு டீயில் ஒன்று யாருக்கு என்று அவர் கண் தேடியது. புளியமரத்தடியில் போய் நின்றது.

"கரண்டு இல்ல தம்பி. ராத்திரியே போயிடுச்சு."

அவருக்குப் பின்னால் ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. நான் ஃபிரிட்ஜைப் பார்த்தேன். அவரும் நான் பார்ப்பதைப் பார்த்தார். வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை. அவர் கெட்டவராகத் தெரியவில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும். "அதுக்கென்ன" என்று முதலில் அவர் சொன்னதில் பொய் இல்லை. நாளைக்கு ஊரில், கோர்ட்டுக்குப் போனவளுக்கு நீதான் கரண்ட் கொடுத்தாயா என்று கேட்பார்கள். அந்தப் பயமாக இருக்கலாம். பயந்துதான் சொன்னார் என்றாலும் எனக்குப் பத்துக் கிலோமீட்டர் கிடைக்கவில்லை.

பெட்ரோல் வண்டியாக இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. பெட்டிக்கடையில் பாட்டிலில் தொங்கும், காசை நீட்டினால் ஊற்றுவார்கள், ஒரு நிமிடத்தில் கிளம்பிவிடலாம். பேட்டரி வண்டிக்கு ஒருவர் தன் சுவரையும் கூரையையும் அரை மணி நேரம் நமக்குத் தர வேண்டும். தருவதற்கு முன் அவர் யார் என்று கேட்பார். மழை நேரத்தில் ஒதுங்கக் கேட்டாலும் அதே கேள்விதான். இங்கே இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருந்தது.

"வாப்பா, நம்ம தெருவுக்கே போவோம்" என்றார் அம்மா.

மூன்று வீட்டில் போட்டுப் பார்த்தோம். முதல் வீட்டில் சார்ஜரின் சிவப்பு விளக்கு மினுக்கி மினுக்கி அணைந்தது. இரண்டாவது வீட்டில் ஃபியூஸ் போனது. அந்த வீட்டுப் பெண் என்னைத் திட்டுவார் என்று பார்த்தால், "பரவால்ல, அவரு வந்து போட்டுக்குவாரு, நீ அடுத்த வூட்டுல பாரு" என்றார். மூன்றாவது வீட்டில் ஏறியது, ஆனால் வோல்டேஜ் விழுந்து விழுந்து எழுந்ததில் இருபது நிமிடத்தில் இரண்டே சதவிகிதம்தான் கூடியது. ஒரு தம்பி தன் பைக்கைத் தருகிறேன் என்றான். அதில் டயர் வழவழவென்று தேய்ந்திருந்தது, அந்தக் குழம்புச் சாலையில் அம்மாவை வைத்துக்கொண்டு ஓட்ட மனம் வரவில்லை. எட்டரைக்குக் கிளம்பிவிட்டோம்.

ஈகோ மோடில் 25க்கு மேல் போகவில்லை. திரும்பும் திசைக்குக் காற்று பின்னாலிருந்து உதவியது; காலையில் அடித்ததற்கு அது கொடுத்த ஈடு என்று வைத்துக்கொள்ளலாம். அம்மா என் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டு, என்ன சொல்ல வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். எத்தனை மணி, யார் யார் நின்றார்கள், யார் கையில் என்ன இருந்தது. மழைச் சத்தத்தில் பாதிதான் என் காதில் விழுந்தது. அரியலூருக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது டிஸ்ப்ளேயில் ஆமை படம் வந்தது. கொஞ்ச தூரத்தில் அதுவும் போனது.

நூற்றுப் பத்துக் கிலோ வண்டி. நான் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ள, வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் அம்மா பின்னாலிருந்து தள்ளினார். டிப்பர் லாரிகள் சுண்ணாம்புத் தண்ணீரை எங்கள் மேல் வாரி அடித்துவிட்டுப் போயின. வண்டியைத் தள்ளிக்கொண்டு மழையில் நடக்கும் என்னைச் சாலையோரக் கடைகளிலிருந்து பார்த்தார்கள். அப்பாவைப் பார்த்ததுபோல் இல்லை, வண்டி நின்றுபோன எவனோ ஒருவனைப் பார்ப்பதுபோல். ஒரு பங்ச்சர் கடைக்காரர், "என்ன பாய், சார்ஜ் காலியா?" என்று சிரித்தார். வண்டியை அவர் கடையிலேயே விட்டுவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்திருக்கலாம் என்பது எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தோன்றியது.

பத்தே முக்காலுக்கு நீதிமன்றம் போய்ச் சேர்ந்தோம். வழக்கைக் கூப்பிட்டிருந்தார்கள். அரசுத் தரப்பு வக்கீல் சாட்சி வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லி பாஸ் ஓவர் வாங்கி வைத்திருந்தார். பன்னிரண்டு மணிக்கு அம்மா கூண்டில் ஏறினார். புடவையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வண்டியில் சொல்லிப் பார்த்ததை அப்படியே சொன்னார். குறுக்கு விசாரணையில், மழைக்கால இருட்டில் உனக்கு எப்படி ஆள் அடையாளம் தெரிந்தது என்று கேட்டார்கள். சம்பவம் நடந்தது பங்குனியில். "அன்னிக்கு மழை இல்லைங்க, இன்னிக்குத்தான் மழை" என்றார். வக்கீல் தாளைப் புரட்டினார்.

நான் இதை உள்ளே நின்று முழுதாகப் பார்க்கவில்லை. பாதி நேரம் எதிரில் இருந்த ஜெராக்ஸ் கடையில் சார்ஜ் போட்டுவிட்டு ஓடி ஓடி வந்தேன். அந்தக் கடைக்காரர் கேட்டது ஒரே கேள்வி: "எவ்வளவு நேரம் போடணும்?" மூன்று மணி நேரம் என்றேன். "முப்பது ரூபா." அவ்வளவுதான். கிராமத்தை ஏன் அம்பேத்கர் அவ்வளவு வெறுத்தார், நகரத்துக்குப் போகச் சொன்னார் என்று பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். அன்றைக்கு அது முப்பது ரூபாயில் விளங்கியது. நகரம் வீடு வாடகைக்குக் கேட்கும்போது மட்டும் திரும்பவும் டீக்கடைக்காரராகிவிடும் என்பதும் எனக்குத் தெரியும். அது வேறு கட்டுரை.

சாயங்காலம் மழை விட்டிருந்தது. அம்மாவை அவர் தெருவில் கொண்டுபோய் விட்டேன். "அடுத்த தடவ எதுக்காவது கூப்புடுவாங்களா?" என்றார். இன்னொரு சாட்சி இருக்கிறார், அவர் உங்கள் தெருதான், தை மாதம் வாய்தா என்றேன்.

"பனியா இருக்கும். இந்த வண்டிய எடுத்துட்டு வராத."

"வேற வண்டி இல்லையேம்மா."

"அப்ப மொத நாளே வந்துடு. எங்க வூட்டுல படுத்துக்க. ராத்திரி முழுக்கப் போட்டு வெச்சா ஏறாமலா போயிடும்?"

போனேன். ராத்திரி முழுக்கப் போட்டதில், வாசலில் ஒரு பழைய குடையைக் கட்டி அதன் அடியில் வைத்து, 81 வரை ஏறியது. வீட்டுக்குள் வைக்கச் சொன்னார்கள். வேலூர்ச் சம்பவத்தைச் சொல்லி மறுத்துவிட்டேன்.

அதிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஊர் பெயர், இடம், யாரைக் கேட்க வேண்டும், வோல்டேஜ் எப்படி. இதுவரை பதினோரு இடம் சேர்ந்திருக்கிறது: ஒரு சர்ச், இரண்டு பங்ச்சர் கடை, ஒரு தையல் கடை, நம் பிள்ளைகள் நடத்தும் மூன்று படிப்பகம், மற்றவை தோழர்களின் வீடுகள். சார்ஜிங் பாயின்ட் வேண்டும் என்று மனு கொடுக்கப் போகிறவர்கள், எந்த இடத்தில் என்பதையும் மனுவிலேயே எழுதுங்கள். ஊராட்சி அலுவலகத்தில் வைத்தால் அது திரும்பவும் ஊர்த்தெருவுக்குள் போய்விடும். காலனி சமுதாயக் கூடம், அம்பேத்கர் படிப்பகம், மெயின் ரோட்டிலிருந்து நம் தெரு பிரியும் இடம் இப்படிக் குறிப்பிட்டுக் கேளுங்கள். மேலே ஒரு கூரையும் கேளுங்கள்.

குன்னத்துக்கும் செந்துறைக்கும் நடுவில் இன்னும் ஓர் இடமும் கிடைக்கவில்லை. அந்தப் பக்கத்துத் தோழர்கள் இருந்தால் சொல்லுங்கள். ஐப்பசிக்கு முன்னால் தெரிந்தால் நல்லது.